'செத்தால் நல்லம்' என்று ஒரு மாணவர் சொன்னால்: எதைக் கேட்பது, எதைச் செய்வது, எந்த வரிசையில்

யாழ்ப்பாணத்தில் கம்பஸ் மாணவர்களோடும் மற்ற உயர்கல்வி மாணவர்களோடும் பல வருடங்களாக ஆலோசனை வேலை செய்து வருகிறேன். நான் வைத்தியர் இல்லை. வைத்தியரிடம் போய்ச் சேரும் வரைக்கும் உள்ள தூரத்தில் கூட நடப்பதுதான் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள், விடுதிப் பொறுப்பாளர்கள், இளம் விரிவுரையாளர்கள், அறைத் தோழர்கள் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மாணவர் இரண்டு வசனம் சொல்வதற்குள் புத்திமதியைத் தொடங்கிவிடுவார்கள்.

"அம்மாவை ஒருக்கா நினைச்சுப் பாரும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காதல் முறிந்த கோபத்தில் இருக்கும் ஒருவருக்கு அது பிடிமானமாகலாம். அம்மாவுக்குத் தான் ஒரு பாரம் என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கோ அதே வசனம் இன்னொரு குத்து. எந்த வலி என்று தெரிந்த பிறகுதான் மருந்து. அதனால் இந்த வழிகாட்டியில் மனக்காரணிகளைப் பிரித்துக் கேட்கும் ஐந்தாவது பகுதியை நீளமாக எழுதியிருக்கிறேன்.

இதை உங்களுக்காகவே தேடி வாசிக்கிறீர்கள் என்றால், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். இப்போதே 1926ஐ அழையுங்கள், தமிழில் கதைக்கலாம். அல்லது பக்கத்து அறைக்குப் போய், "எனக்கு இண்டைக்குத் தனிய இருக்க ஏலாது" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் எதையும் விளக்கத் தேவையில்லை.

1. கதைக்கப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, இலக்கங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர உதவி இலக்கம். 1333 கட்டணமில்லாத ஆலோசனை இலக்கம். 1990 அம்புலன்ஸ், அதுவும் இலவசம். இவற்றோடு உங்கள் பீடத்து மாணவர் ஆலோசகரின் கைத்தொலைபேசி இலக்கத்தையும் போனில் பதிந்து வையுங்கள். அலுவலக இலக்கம் இரவு பதினொரு மணிக்கு உதவாது.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. கிளினிக் எந்தெந்த நாளில் என்று சும்மா இருக்கும் ஒரு நாளில் போய் விசாரித்து வையுங்கள். தேவைப்படும் நாளில் விசாரிக்கப் போனால் உங்கள் பதற்றம் மாணவருக்கும் தொற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, நேரம். இதில் நானே பிழை விட்டிருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு மாணவரோடு மதியம் ஒன்றே முக்காலுக்குக் கன்டீன் மேசையில் கதைக்க உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு எனக்கு வேறு அலுவல். அவர் பிளேன்டீக் கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே, "சேர், இனி இருந்து என்ன" என்றார். நான் கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு கணம்தான். அதை அவர் கண்டுவிட்டார். "ஒண்டும் இல்லை சேர், சும்மா சொன்னனான்" என்று எழும்பிவிட்டார். அவரைத் திரும்பக் கதைக்க வைக்க மூன்று கிழமை எடுத்தது. ஒன்றரை மணித்தியாலம் முழுதாக இல்லாவிட்டால் தொடங்காதீர்கள்.

இடம் எது? மற்றவர்களின் காதுக்கு எட்டாததாகவும், முழுக்க மறைவாக இல்லாததாகவும் இருக்க வேண்டும். மரநிழல் வாங்கு நல்லது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தபடி கதைப்பது இன்னும் நல்லது, முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம். எதிர்ப்பாலார் என்றால் வேறொருவர் தூரத்தில் கண்ணுக்குத் தெரிய இருக்கட்டும். பிறகு கதை கிளம்பி, அந்த வெட்கமும் மாணவரின் தலையில் ஏறக்கூடாது.

நான்காவது, இரகசியம் பற்றிய வாக்கு. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். அதை மீற வேண்டி வரும், மீறினால் அந்த மாணவர் இனி ஒருவரையும் நம்பமாட்டார். நான் சொல்வது இது: "நீர் சொல்லுறது என்னோட இருக்கும். உம்மட உயிருக்கு ஆபத்து எண்டு பட்டால் மட்டும் இன்னொருத்தரைக் கூட்டுவன். கூட்டமுதல் உமக்குச் சொல்லுவன்."

2. சோகத்தைத் தேடாதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள்

அழுதுகொண்டிருப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். தவறவிடுவது பகிடிவிட்டுச் சிரிப்பவரை. ஒருவருடைய வழமை எது, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதுதான் அளவுகோல்.

நித்திரை முறை தலைகீழாவது, சாப்பாட்டுக்கு வராமல் விடுவது, வீட்டுக்கு எடுக்கும் கோல் குறைவது, பட்ச் (ஒரே வருட மாணவர்) வட்ஸ்அப் குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக விலகுவது, குடிக்காதவர் குடிக்கத் தொடங்குவது, விருப்பமான பொருட்களைக் கொடுத்துவிடுவது, பழைய கடனைத் திடீரெனத் தீர்ப்பது, "நான் இல்லாட்டி உங்களுக்கு அசைன்மென்ட் ஆர் செய்யிறது" மாதிரிப் பகிடிகள். ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டவேண்டாம். இரண்டு கிழமைக்குள் இரண்டு மூன்று சேர்ந்தால் கதைக்கவேண்டிய நேரம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாள் குமைந்துகொண்டிருந்தவர் காரணமே இல்லாமல் அமைதியாகிவிட்டால், "அப்பாடா, தேறிவிட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். மனப்போராட்டம் ஒரு முடிவோடு ஓய்ந்திருக்கவும் கூடும். அந்த அமைதிக்குக் காரணம் என்னவென்று போய்க் கேளுங்கள்.

பெறுபேறு வரும் கிழமை, ரிப்பீட் (சோதனை திரும்ப எழுதவேண்டியவர்கள்) பட்டியல் ஒட்டும் நாள், காதல் முறிந்து வரும் முதல் மாதம், முதலாம் வருடத்தின் முதல் கிழமைகள், நெருங்கிய ஒருவரின் மரணத்துக்குப் பிறகான நாட்கள். இவை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய காலங்கள்.

3. கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள்

"என்ன பிரச்சினை?" என்று கேட்டால், "ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். கண்டதைச் சொன்னால் அப்படி மறுக்க முடியாது. "மூண்டு நாளா நீர் சாப்பிட வரேல்லை. உம்மட கிரிக்கெட் பட்டையும் ஆருக்கோ குடுத்திட்டீராம். எனக்கு யோசனையா இருக்கு." அவ்வளவும் போதும்.

பிறகு வாயை மூடுங்கள். புதியவர்களுக்கு இதுதான் கஷ்டம். மௌனம் ஐந்து விநாடி நீண்டாலே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். மனதுக்குள் இருபது வரை எண்ணச் சொல்லிப் பழக்குகிறேன். பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் கதை வரும்.

கதை வரும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். "எனக்கும் இப்பிடித்தான் ஒருக்கா" என்று உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள்: "களைச்சுப்போனன் எண்டு சொன்னீர்?" அது போதும் அடுத்த வசனம் வர.

4. நேரே கேளுங்கள்

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. இதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. கேட்பதால் எண்ணம் கூடுவதாக அவை காணவில்லை. நான் கண்ட அளவில், கேட்டவுடன் தோள் தளர்ந்து ஒரு பெருமூச்சு வரும். தனியாகச் சுமந்ததை இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார் என்ற ஆறுதல் அது.

இங்கே நம் பத்திரிகைத் தமிழ் ஒரு இடைஞ்சல். 'தவறான முடிவெடுத்து உயிர்மாய்த்தார்' என்று வாசித்து வாசித்து, நாமும், "பிழையா ஒண்டும் யோசிக்கேல்லைத்தானே?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்விக்குள்ளேயே 'இல்லை' என்ற பதில் இருக்கிறது. கேட்பவர் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார் என்று மாணவருக்கு விளங்கிவிடும். உங்களைக் காப்பாற்ற, 'இல்லை' என்று சொல்லிவிடுவார்.

கேட்க வேண்டிய விதம்: "இவ்வளவு பாரத்தோட இருக்கிற ஆக்களுக்குச் சிலவேளை சாக வேணும் எண்ட யோசனை வரும். உமக்கும் வருதா?" குரல் சாதாரணமாக இருக்கட்டும். "ஓம்" என்று வந்தால் நாற்காலியில் நிமிராதீர்கள், நெஞ்சில் கை வைக்காதீர்கள். "சொன்னது நல்லது. நான் எங்கையும் போகேல்லை, சொல்லும்" என்பதே அடுத்த வசனம். 'பாவம்', 'கோழைத்தனம்', 'படிச்ச பிள்ளை' மூன்றும் வேண்டாம்.

5. எந்தப் பாரம் என்று பிரித்துக் கேளுங்கள்

ஒருவரை அந்த விளிம்புக்குத் தள்ளுவது ஒற்றைக் காரணமல்ல. 'காதல் தோல்வி', 'சோதனைத் தோல்வி' என்று நாம் சொல்வது கடைசியாக விழுந்த துளி. பானை ஏற்கெனவே நிறைந்திருந்தது. எதனால் நிறைந்தது என்பதைத்தான் கேட்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி இருக்கிறது, காதைத் தீட்டிக்கொண்டால் பிடிபடும்.

இனி விடிவில்லை என்ற எண்ணம். 'ஒருநாளும்', 'எப்பவும்', 'இனி என்ன' என்ற சொற்கள் அடுக்கடுக்காக வரும். அமெரிக்க மனநல வைத்தியர் ஆரோன் பெக் தன் ஆய்வுகளில், மனச்சோர்வின் கடுமையைவிட இந்த நம்பிக்கையின்மைதான் தற்கொலையோடு நெருக்கமாக ஒட்டி நிற்கிறது என்று கண்டார். இவரிடம், "நாலு வருசத்தில பட்டம் எடுத்து நல்லா இருப்பீர்" என்று சொல்வது வீண். அவருக்கு வெள்ளிக்கிழமையே தெரியவில்லை. காலத்தைச் சுருக்குங்கள். "நாளைக் காலமை எட்டு மணிக்கு நான் வருவன், ரெண்டுபேரும் இடியப்பம் சாப்பிடுவம்." அந்த அளவு எதிர்காலம்தான் அவரால் தாங்கக்கூடியது.

தான் ஒரு சுமை என்ற எண்ணம். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். தோமஸ் ஜொய்னர் என்ற உளவியலாளரின் கோட்பாட்டில் இது ஒரு தூண்: நான் இருப்பதைவிட இல்லாமல் போவது வீட்டுக்கு நல்லது என்று மனம் கணக்குப் போடத் தொடங்குவது. நம் ஊரில் இந்தக் கணக்குக்குத் தேவையான எண்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. கனடா மாமா மாதாமாதம் அனுப்பும் காசு. வன்னியில் தனியாகத் தோட்டம் செய்து படிப்பிக்கும் அம்மா. அக்காவின் சீதனத்துக்கென்று வைத்த நகையை ஈடு வைத்துக் கட்டிய அறை வாடகை. "நான் இல்லாட்டி அவைக்கு நிம்மதி" என்று கேட்டால் ஆபத்து மணி அடிக்கிறது என்று எடுங்கள்.

இவருக்கு, "வீட்டில எவ்வளவு கஷ்டப்பட்டு உம்மைப் படிப்பிக்கினம்" என்று சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெய். "இந்தக் கணக்கை அம்மாட்டக் காட்டினனீரா? அவ சரி எண்டு சொன்னவவா?" என்று கேட்பேன். பெரும்பாலும் காட்டியிருக்கமாட்டார். பிறகு, அவரால் மட்டும் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுப்பேன். உண்மையான வேலையாக இருக்கவேண்டும். பாவம் பார்த்துக் கொடுப்பதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஒட்டமுடியவில்லை என்ற எண்ணம். ஜொய்னர் சொன்ன இன்னொரு தூண். நண்பர்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நூறு பேர் கொண்ட பட்ச்சிலும் தனியாக இருக்கலாம். மலையகத்திலிருந்து வந்து பேச்சு வழக்கால் பகிடிக்கு ஆளாகும் பிள்ளை, தெற்கிலிருந்து வந்து விடுதியில் சிங்களத்தில் கதைக்க ஆளில்லாத பிள்ளை, மாவட்டக் கோட்டாவில் வந்ததாகக் குத்திக் காட்டப்படும் பிள்ளை, தமிழில் ஏ.எல் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் ஒன்றும் விளங்காமல் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை. "எல்லாரோடையும் கலந்து பழகும்" என்று சொல்வதில் பிரயோசனமில்லை. எல்லோரோடும் என்பது ஒருவரோடும் இல்லை. ஒரே ஒரு ஆளைப் பிடித்து, "புதன்கிழமை லைப்ரரிக்குப் போகேக்க இவரையும் கூட்டிக்கொண்டு போ தம்பி" என்று ஒட்டிவிடுங்கள்.

வெட்கம், பூரணமாக இருந்தே ஆகவேண்டும் என்ற நெருக்குதல். ரியூட்டரி வாசலில் படம் தொங்கிய பிள்ளைகளிடம் இதை அதிகம் காண்கிறேன். ஊரில் முதலாவது, இங்கே நாற்பதாவது. ஒரு பாடம் ரிப்பீட் வந்தால் அதைப் பாடமாகப் பார்ப்பதில்லை, ஊர் முழுக்கப் பார்க்கத் தன் முகம் கிழிந்ததாகப் பார்க்கிறார். நான் திறமையாக இருக்கும்வரைதான் என்மேல் அன்பு என்ற நம்பிக்கை அடியில் கிடக்கும். "ரிப்பீட் எல்லாம் ஒரு விசயமே?" என்று தட்டிவிடாதீர்கள், அவருக்கு அது விசயம். "ஆருக்கு முன்னால இது பெரிய வெட்கம்?" என்று கேளுங்கள். அனேகமாக ஒரு பெயர் வரும். அந்த ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

பொறிக்குள் மாட்டிக்கொண்ட எண்ணம். தோற்றுவிட்டேன், வெளியே வர வழியும் இல்லை. கடன், பகிடிவதை, படத்தை வைத்து மிரட்டும் முன்னாள் காதலன், வீட்டில் அடி. இங்கே ஆறுதலைவிட வழிதான் முக்கியம். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். முறைப்பாட்டை நீங்களே கூட நின்று எழுதிக் கொடுங்கள். மிரட்டல் என்றால் செய்திகளை அழிக்கவிடாமல் பாதுகாத்து, நம்பிக்கையான ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ஒரு கதவு திறந்ததைக் கண்டவுடனே சிலருக்கு மூச்சு வரும்.

அந்தக் கணத்து வேகம். நீண்ட நாள் சோர்வு எதுவும் இல்லாமல், ஒரு சண்டை முடிந்த கையோடு வரும் வேகம். நம் நாட்டில் இது குறைவான விசயமில்லை. மது, நித்திரையின்மை இரண்டும் சேர்ந்தால் வேகத்துக்குக் கடிவாளமே இராது. இவருக்குத் தேவை நேரமும் தூரமும். சண்டை நடந்த இடத்திலிருந்தும் போனிலிருந்தும் விலக்கி, சாப்பிட வைத்து, நித்திரை கொள்ள விடுங்கள். அறிவுரையைக் காலையில் பார்க்கலாம்.

நோய். பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில்தான் பல மன நோய்கள் முதன்முதல் தலைகாட்டுகின்றன. காதில் குரல் கேட்கிறது, ஆரோ பின்தொடர்கிறார்கள், நாலு நாளாக நித்திரையே இல்லாமல் அளவுக்கு மிஞ்சிய உற்சாகம், அல்லது கிழமைக்கணக்காகக் குளிக்கவே எழும்பமுடியாத பாரம். இங்கே உங்கள் கதைக்கு இடமில்லை, நேரே வைத்தியசாலை. வீட்டார் செய்வினை என்று கோயிலுக்குக் கொண்டுபோக நின்றால் அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். "அங்கையும் போங்கோ அம்மா, கிளினிக்குக்கும் இண்டைக்கே வாங்கோ" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கடைசியாக, முன்பு எப்போதாவது முயன்றாரா என்று கேட்காமல் எழும்பாதீர்கள். இருக்கும் குறிகளில் மிகக் கனமானது அது. குடும்பத்தில் யாராவது அப்படி இறந்தார்களா என்பதையும் கேளுங்கள்.

இவற்றில் இரண்டு மூன்று பின்னிக்கிடப்பதுதான் வழமை. எனவே, "இதுக்குள்ள எது கூடப் பாரம்?" என்று அவரையே கேட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியும்.

6. எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறார்

படியிறங்குவது போல ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இல்லாமல் போனால் நல்லம் என்ற எண்ணமா? தானே உயிரை மாய்க்கும் எண்ணமா? எப்படி என்று யோசித்திருக்கிறாரா? செய்யும் நோக்கம் உண்டா? எப்போது என்று வைத்திருக்கிறாரா? அதற்காக எதையாவது வாங்கியோ எழுதியோ வைத்திருக்கிறாரா? 'எப்படி' என்பதைத் துருவவேண்டாம். எதைக் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும் என்று தெரியும் அளவு போதும்.

நோக்கமும் நேரமும் ஆயத்தமும் இருந்தால் இப்போதே ஆஸ்பத்திரி. யோசனை இருக்கிறது, நோக்கம் தளம்புகிறது என்றால் இன்றிரவு துணை, நாளை மனநலப் பிரிவு. இல்லாமல் போனால் நல்லம் என்ற அளவில்தான் என்றாலும் இந்தக் கிழமைக்குள் ஆலோசகரைக் காட்டுங்கள். தடுமாற்றம் என்றால் ஒரு படி கடுமையாகவே எடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் புள்ளிக் கணக்குகளை நம்பி, 'மதிப்பெண் குறைவு, ஆபத்தில்லை' என்று எழுதி மூடுபவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு தனி ஆள் என்ன செய்வார் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு அந்தக் கணக்குகளுக்குத் திறன் இல்லை.

7. இன்றிரவுக்கான அலுவல்

தனியாக விடவேண்டாம். அதற்காக ஆறுபேர் கட்டிலைச் சுற்றி நிற்கவும் வேண்டாம். ஒருவர் இரண்டு மணிவரை, மற்றவர் விடியும்வரை என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். பட்ச் குழுவில், "இவன் பாவம், எல்லாரும் கதையுங்கோ" என்று போட்டுவிடும் நல்ல மனதுக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரை முதலே பிடித்து நிறுத்துங்கள்.

அடுத்தது, ஆபத்தானவற்றை எட்டாத் தூரத்துக்கு நகர்த்துவது. "செய்யவேணும் எண்டு நினைக்கிறவன் எப்பிடியும் செய்வான்" என்பார்கள். நம் நாட்டின் கணக்கே அதற்கு மறுப்பு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 அளவில் இருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, அடுத்த இருபது வருடங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காக இறங்கியது. கவலை மறையவில்லை, கைக்கெட்டும் பொருள் மாறியது. உச்ச வேகம் பலருக்குச் சில நிமிடமோ சில மணித்தியாலமோதான், அதைத் தாண்டவைத்தால் பிழைத்துவிடுவார்கள்.

ஆகவே அறையில் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்குப் போவதென்றால், தோட்டத்து மருந்தையும் அப்பம்மாவின் மாத்திரைப் பெட்டியையும் பூட்டிவைக்க வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பொலிஸ் சோதனை மாதிரிப் பையைக் கிளறாதீர்கள். "இதைக் கொஞ்ச நாளைக்கு நான் வைச்சிருக்கட்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். உள்ளுக்குள் ஒரு பாதி வாழத்தானே விரும்புகிறது.

மது வேண்டாம். "ஒண்டு எடுத்தால் மனம் ஆறும்" என்று போத்தலோடு வரும் நண்பரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

8. ஒரு தாளில் ஆறு வரி

பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தைத்தான் நானும் பாவிக்கிறேன். மாணவரின் கையெழுத்தில், மாணவரின் சொல்லில் இருக்கவேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் தாள். பெயரும் அடையாளமும் விலக்கி, ஒரு தாள் எப்படி இருந்தது என்று காட்டுகிறேன்.

அறிகுறி: இரவு பன்னிரண்டுக்குப் பிறகு அவளின்ர பழைய மெசேஜ் வாசிக்கத் தொடங்கிறது.
நானே செய்யக்கூடியது: போனை அலுமாரிக்குள்ள வைச்சிட்டு முகம் கழுவி, பாட்டுக் கேக்கிறது.
போகக்கூடிய இடம்: பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடை, நல்லூர் வீதி.
உதவி கேக்கக்கூடிய ஆக்கள்: பக்கத்து அறை அண்ணா, சின்ன மாமி.
வைத்திய உதவி: 1926, ஆலோசகரின்ர இலக்கம், ஆஸ்பத்திரி.
எட்டாமல் வைக்க வேண்டியது: மாத்திரை அண்ணாட்டக் குடுத்தாச்சு.

எழுதி முடிந்ததும், ஒவ்வொரு வரிக்கும், "இதைச் செய்ய எது இடைஞ்சல்?" என்று கேளுங்கள். இந்த மாணவரின் தேத்தண்ணிக் கடை இரவில் பூட்டியிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்துக்குப் பக்கத்து அறை என்று மாற்றினோம். தாளைப் படம் பிடித்துப் போனிலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது நம் வழக்கம். வாங்கியவருக்கு நிம்மதி, கொடுத்தவருக்கு இன்னொரு பாரம். எண்ணம் திரும்பி வந்தால், சத்தியத்தை மீறிய குற்ற உணர்ச்சியில் உங்களிடம் சொல்லவே மாட்டார்.

9. கையளிக்கும்போது கூடப் போங்கள்

"மனநலப் பிரிவுக்குப் போய்க் காட்டும்" என்று துண்டு எழுதிக் கொடுத்தால் போகமாட்டார். தெரிந்த ஆள் யாராவது கண்டால் 'விசர்' என்று கதை கட்டுவார்கள் என்ற பயம் சின்னதில்லை. ஓட்டோ பிடித்துக் கூடப் போங்கள், வரிசையில் கூட நில்லுங்கள், உள்ளே போகும்போது வெளியே வாங்கில் இருங்கள். அரச வைத்தியசாலையில் காசு தேவையில்லை என்பதையும் சொல்லிவையுங்கள்; சுமை எண்ணம் உள்ளவர் அதைத்தான் முதலில் கணக்குப் பார்ப்பார்.

கிளினிக் இல்லாத நேரம், இரவு, உடனடி ஆபத்து என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. ஏற்கெனவே எதையாவது செய்துவிட்டார் என்றால் ஒரு கேள்வியும் வேண்டாம், 1990. "இப்ப சுகமாத்தான் இருக்கிறன்" என்று அவர் சொன்னாலும் கொண்டுபோங்கள்.

பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு யார் சொல்வது என்பதை மாணவரோடு சேர்ந்து முடிவெடுங்கள். சில வீடுகளில் அந்த வீடே காரணம்; அப்போது சின்ன மாமியோ அண்ணாவோ நல்லது. கோலில், "உங்கட மகன் சாகப் பாத்தவர்" என்று தொடங்காதீர்கள். "மகனுக்குச் சுகமில்லை, இப்ப எங்களோட பாதுகாப்பா இருக்கிறார், நீங்கள் வந்தால் நல்லம், வந்து ஏசவேண்டாம்." கடைசி இரண்டு சொற்களையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்து தந்தால், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும் என்று மாணவருக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். நாலாம் நாள், "ஒண்டும் குறையேல்லை" என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் காணும் பிழை. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்கக் கிழமைகளில் பதற்றமோ எண்ணமோ கூடுகிறதா என்று கவனித்து, கூடினால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும். மாத்திரைகளைக் கிழமைக் கணக்கில் ஒருவர் வைத்திருந்து கொடுப்பது நல்லது.

10. பிறகு வரும் மாதங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் கிழமைகள்தான் ஆபத்து மிகுந்தவை. அப்போதுதான் எல்லோரும், "இனிப் பயமில்லை" என்று கலைந்துபோவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு பரிசோதனை செய்தது. கொழும்பும் சென்னையும் அதில் இருந்தன. 2008இல் முடிவு வெளியானது. முயற்சி செய்து பிழைத்து வந்த 1867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழமைச் சிகிச்சையோடு, ஒரு மணித்தியாலம் விளக்கிக் கதைத்துவிட்டு, பதினெட்டு மாதத்துக்குள் ஒன்பது தடவை நேரிலோ தொலைபேசியிலோ விசாரித்தார்கள். வழமைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 வீதமானோர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 வீதம். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை, "எப்பிடி இருக்கிறீர்?" என்ற விசாரிப்புத்தான்.

அதனால் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். முதலில் கிழமைக்கொருக்கா, பிறகு மாதத்துக்கு ஒருக்கா, பிறகு நீட்டலாம். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் அந்த விசயத்தையே கிளறவேண்டாம். மழை, மட்ச், மாம்பழம் எதுவும் சரி.

உங்களுக்கும் ஒரு ஆள் தேவை. பெயர் சொல்லாமல் உங்கள் பாரத்தை இறக்கி வைக்க ஒரு மூத்த ஆலோசகரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே காலத்தில் மூன்று பேரைச் சுமந்த தொண்டர் ஒருவர் தானே நித்திரையில்லாமல் வந்து நின்றதைக் கண்டிருக்கிறேன்.

விரிவுரைக்குத் திரும்பி வரும் நாளை ஒருவரும் யோசிப்பதில்லை. தவறிய நோட்ஸைக் கொப்பி எடுத்து வையுங்கள், வரவுப் பிரச்சினையைப் பீடத்தோடு முதலே கதைத்து முடியுங்கள். காரணம் கேட்பவர்களுக்கு, "சுகமில்லாமல் இருந்தனான்" என்ற ஒரு வசனத்தை அவரோடு சேர்ந்து தயார் செய்யுங்கள். அன்றைக்கு முன்வரிசை வேண்டாம். கதவுக்குக் கிட்ட ஒரு கதிரையும் அதற்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்து அறை அண்ணாவுக்கு ஒன்றும் பிடித்து வையுங்கள். நடுவில் எழும்பிப் போகவேண்டி வந்தால் நாலுபேரைத் தாண்டாமல் போகலாம்.